இளம் ஷார்ட்ஸ்டாப்பை எடைபோடுவது எப்படி? புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு

1993-ல் அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ என்ற ஊரின் பேஸ்பால் அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிய 19 வயதுப் பையன் ஒருவன் ஒரே சீசனில் 56 எரர் (ஃபீல்டிங் தவறு) செய்தான். ஸ்கோர் புத்தகத்தை மட்டும் புரட்டியவர்கள், ‘இவன் ஷார்ட்ஸ்டாப்புக்குத் தேற மாட்டான்’ என்று முடிவுகட்டியிருப்பார்கள். அந்த அணியின் தாய் அணியான நியூயார்க் யாங்கீஸ் அவனை அந்த இடத்திலேயே வைத்திருந்தது. அந்தப் பையன்தான் டெரெக் ஜீட்டர். 1996-ல், மேஜர் லீக் என்ற உச்சமட்ட ஆட்டத்தின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுக வீரர். 2020-ல் பேஸ்பாலின் மாபெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானவர்.

அந்த 56-ஐத் தாண்டிப் பார்க்கப் பழகுவதுதான் ஸ்கவுட்டிங், அதாவது இளம் வீரர்களை நேரில் பார்த்து எடைபோடும் வேலை. இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போனில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்வதென்றால், பாயிண்டில் நிற்பவருக்கு ஒவ்வொரு பந்திலும் ரன் அவுட் அடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் எப்படியோ, அப்படிப்பட்ட வேலை. பேஸுக்கு பேஸ் 90 அடி. அடித்துவிட்டு ஓடும் பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸைச் சேருமுன் பந்தை அங்கே அனுப்ப, ஷார்ட்ஸ்டாப் பல சமயம் 100 அடிக்கு மேல் எறியவேண்டியிருக்கும்.

படி 1: ஆட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள்

ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போனால் பாதி விஷயம் கைவிட்டுப் போய்விடும். ஒரு ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் பக்கம் மூன்று, நான்கு பந்துதான் வரலாம். சில நாள் ஒன்றுகூட வராது. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் கோச் வரிசையாகப் பந்தை அடித்துக்கொடுப்பார்: நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முன்னால் ஓடிவந்து எடுக்க மெதுவாக ஒன்று. கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பந்து பார்த்துவிடலாம்.

ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் உட்காருங்கள். எறியும் பந்து உங்களை நோக்கி வருவதால் அதன் பாதை தெளிவாகத் தெரியும்.

படி 2: கால்களைப் பாருங்கள்

புதிதாக வருபவர்களின் கண் பந்தின் பின்னாலேயே போகும். அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பிட்சர் (பந்து வீசுபவர்) கையை உயர்த்தும்போதே உங்கள் பார்வை ஷார்ட்ஸ்டாப்பின் பாதங்களில் இருக்கட்டும்.

பந்து பேட்டரை நெருங்கும் நேரத்தில் நல்ல ஷார்ட்ஸ்டாப் சும்மா நிற்க மாட்டான். மெல்ல ஓரிரு அடி முன்னால் வந்து, சின்னதாக ஒரு துள்ளல் போடுவான். பேட்டில் பந்து படும் கணத்தில் இரண்டு பாதமும் தரையைத் தொட்டு, எந்தப் பக்கமும் பாயத் தயாராக இருக்கும். குதிகாலில் உடல் எடையைப் போட்டு நிற்பவனுக்கு முதல் அடி எடுக்கவே நேரமாகிவிடும். அந்தத் தாமதத்தை எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஈடுகட்ட முடியாது.

அடுத்தது அந்த முதல் அடி. பந்து போகும் பக்கம் நேராகப் போகிறதா, அல்லது முதலில் ஒரு அடி பின்வாங்கி அப்புறம் திரும்புகிறதா? ஒரே ஒரு பந்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இடது, வலது, முன்னால் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அருமையாக நகரும் பல பையன்கள் வலப்பக்கம், அதாவது தேர்ட் பேஸை ஒட்டிய ஆழமான பகுதிக்குப் போகும்போது தடுமாறுவார்கள். அங்கே பேக்ஹாண்டில் பந்தை எடுத்து, வலது காலை ஊன்றி, உடம்பு வெளிப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே எறியவேண்டும். இந்த இடத்தில் இதைவிடக் கடினமான வேலை கிடையாது.

எரர் கணக்கு ஏன் ஏமாற்றும் என்பதும் இங்கேதான் விளங்கும். பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவனுக்கு எரர் விழாது. அது பேட்டருக்கு ஹிட் (தன் அடியால் பேஸைச் சேர்ந்த கணக்கு) ஆகிவிடும். பாய்ந்துபோய்த் தொட்டு, அவசரத்தில் தவறாக எறிந்தவன் கணக்கில்தான் எரர் ஏறும். அதனால் எத்தனை எரர் என்று எண்ணாமல், ஒவ்வொன்றும் எதனால் வந்தது என்று எழுதுங்கள். ‘கிடைக்காத அவுட்டுக்கு ஆசைப்பட்டு எறிந்தான்’ என்பதைச் சொல்லித் திருத்தலாம். ‘சாதாரண பந்துக்குக்கூடப் பாதம் சிக்கிக்கொள்கிறது’ என்பது பெரிய கவலை.

படி 3: கையும் கிளவும்

கிளவ் (பந்து பிடிக்கும் கையுறை) தரையிலிருந்து மேலே வரவேண்டும். மேலிருந்து தரைக்குப் போய்க் குத்தக்கூடாது. பந்து கிளவுக்குள் போனதும் எவ்வளவு சீக்கிரம் எறியும் கைக்கு மாறுகிறது என்று பாருங்கள். கை பந்தைத் தேடித் துழாவினால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இது பயிற்சியில் நன்றாகவே மேம்படும்.

படி 4: தோளின் பலமும் ஸ்டாப்வாட்சும்

மேஜர் லீகில் வலதுகை பேட்டர் அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸைத் தொட சராசரியாக 4.3 வினாடி ஆகும். இடதுகை பேட்டருக்கு 4.2. அப்படியென்றால் பந்து பேட்டில் பட்டதிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ்மேனின் கிளவில் விழும்வரை ஷார்ட்ஸ்டாப்புக்கும் அவ்வளவுதான் நேரம். பேட்டின் சத்தம் கேட்கும்போது அழுத்துங்கள், கிளவில் பந்து விழும்போது நிறுத்துங்கள். பள்ளி ஆட்டத்தில் மெதுவாக ஓடும் பேட்டரை 4.8 வினாடியில் அவுட்டாக்கினால் ஸ்கோர் புத்தகத்தில் அது அவுட்தான். மேல்மட்டத்தில் அதே பந்து ஹிட்.

எறியும் பந்து கடைசி இருபது அடியில் என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல தோள் என்றால் பந்து தளராமல் அதே கோட்டில் வந்து சேரும். குராசோ தீவைச் சேர்ந்த ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸின் தோள்பலத்தைப் பார்த்து, அவரைப் பிட்சராக்கிவிடலாம் என்று நினைத்த அணிகள் உண்டு. 2010-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் அவரை எடுத்து ஷார்ட்ஸ்டாப்பாகவே ஆடவிட்டது. பின்னாளில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதை நான்கு முறை வாங்கினார்.

அதே ஸ்டாப்வாட்சை அந்தப் பையன் பேட் செய்யும்போதும் பயன்படுத்துங்கள். அவன் முழுமூச்சாக ஓடிய நேரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பண்ட் செய்துவிட்டு (பந்தை வீசி அடிக்காமல் பேட்டால் மெல்லத் தட்டிவிட்டு) ஓடினால் அந்த நேரம் செல்லாது. அடிக்கும் முன்பே கால் கிளம்பிவிட்டிருக்கும்.

படி 5: பந்து வராத நேரம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ரன்னர் ஃபர்ஸ்ட் பேஸில் இருக்கும்போது ஷார்ட்ஸ்டாப்பின் முகத்தைக் கவனியுங்கள். கிளவால் வாயை மறைத்துக்கொண்டு செகண்ட் பேஸ்மேன் பக்கம் திரும்புவான். பந்து வீசப்படும்போதே ரன்னர் அடுத்த பேஸைத் திருட ஓடினால் செகண்ட் பேஸை யார் காப்பது என்ற ஏற்பாடு அது. வழக்கமாக, வாயை மூடிக் காட்டினால் ‘நான் போகிறேன்’, திறந்து காட்டினால் ‘நீ போ’. 16, 17 வயதிலேயே யாரும் சொல்லாமல் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இதைச் செய்கிறவனை விட்டுவிடாதீர்கள்.

எந்த வகைப் பந்து வீசவேண்டும் என்று கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) விரலால் சைகை காட்டும் ஆட்டங்களில் அது ஷார்ட்ஸ்டாப்புக்கு நேரே தெரியும். அதைப் பார்த்து அரை அடி, ஒரு அடி தள்ளி நிற்கிறானா? எரர் செய்தபின் அடுத்த பந்துக்கும் அதே துள்ளலோடு தயாராகிறானா, அல்லது மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கிறானா?

படி 6: பேட்டிங்

பேட்டிங்கில் புதியவர்கள் ஏமாறும் இடம், பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் உலோக பேட் பயன்படுத்துவது. தொழில்முறை ஆட்டத்தில் மர பேட்தான். மர பேட்டில் உடைந்துபோகும் அடி, உலோக பேட்டில் ஹிட்டாகிவிடும். அதனால் பந்து எங்கே போய் விழுந்தது என்பதைவிட, பேட்டின் சரியான இடத்தில் பட்டதா என்று பாருங்கள். அவன் வலதுகை பேட்டர் என்றால் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமும், இடதுகை என்றால் தேர்ட் பேஸ் பக்கமும் உட்கார்ந்தால் மார்புப்பக்கம் தெரியும். கையின் பாதை புலப்படும்.

வேகப்பந்தை அடிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். வளைந்து கீழே விழும் பந்தை விட்டுவிடத் தெரிந்தவர்கள் குறைவு. அதற்கு நல்ல பிட்சர் வீசும் நாளாகப் பார்த்துப் போகவேண்டும்.

படி 7: வயதும் உடம்பும்

22 வயதுக்காரர்கள் ஆடும் லீகில் 18 வயதுப் பையன் திணறாமல் நிற்கிறான் என்றால் அதுவே பெரிய சேதி. தோள் அகலம், இடுப்பு, மணிக்கட்டு இவற்றைப் பார்த்து இன்னும் எவ்வளவு சதை போடுவான் என்று ஊகியுங்கள். உயரமாக இருந்தாலே ஷார்ட்ஸ்டாப் ஆகமாட்டான் என்பது தப்பு. 6 அடி 4 அங்குல கால் ரிப்கன் ஜூனியர் அந்த இடத்தில் வருடக்கணக்காக ஆடியவர். உடம்பு வளர்ந்தபின்னும் கால் அதேபோல நகருமா என்பதே கேள்வி.

படி 8: எண் போடுவது

ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரை மதிப்பிடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பேட்டிங், அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், தோள் என ஐந்துக்கும் இரண்டிரண்டு எண்: இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு ஆகலாம். பள்ளிப் பையனுக்கு இன்றைய எண் 30, 35 என்று வந்தால் பயப்படாதீர்கள், மேஜர் லீக் அளவுகோலில் அது இயல்பு. இரண்டாவது எண்ணுக்குத்தான் காரணம் எழுதவேண்டும். ‘ஃபீல்டிங் 35, பின்னால் 55, முதல் அடி சுத்தம், கை மாற்றம் மெதுவாக இருக்கிறது, அது சரியாகிவிடும்’ என்ற ஒரு வரி போதும்.

படி 9: திரும்பப் போங்கள்

ஒருமுறை பார்த்தால் அன்றைய ஆட்டம்தான் தெரியும். சில மாதம் கழித்துப் போய், போன தடவை எழுதிய குறைகளை மட்டும் தேடுங்கள். ஜீட்டரின் கதையில் இது நன்றாகத் தெரியும். 1993 சீசன் முடிந்ததும் பிரையன் பட்டர்ஃபீல்டு என்ற பயிற்சியாளரிடம் வாரக்கணக்கில் ஃபீல்டிங் மட்டுமே பழகினார். மறுவருடமே ஹை-ஏ மட்டத்தில் தொடங்கி, ஒரே சீசனில் மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ வரை ஏறிவிட்டார்.

அறிக்கையின் கடைசி வரியில், ஷார்ட்ஸ்டாப்பில் நிலைக்காவிட்டால் எங்கே போவான் என்பதையும் எழுதிவிடுங்கள். தோள் பலம், பேட்டிங் பலம் உண்டு, கால் மட்டும் குறைவு என்றால் தேர்ட் பேஸ். கால் உண்டு, தோள் குறைவு என்றால் செகண்ட் பேஸ். நல்ல வேகமும் தோளும் இருந்து, தரையில் வரும் பந்துதான் பிரச்சினை என்றால் சென்டர் ஃபீல்டு. 2010-ல் ஷார்ட்ஸ்டாப்பாக எடுக்கப்பட்ட மேனி மச்சாடோ, 2012-ல் மேஜர் லீகில் பால்டிமோர் அணிக்கு ஆட வந்தபோது நின்றது தேர்ட் பேஸில்.