பால்புதுமையர் வரலாற்றை நன்கொடைத் தொகுப்புகளாகப் பேணுதல்

2009இல் சென்னையில் நடந்த, பால்புதுமையரின் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரின்) முதல் வானவில் பேரணியின் பதாகைகள், கூவாகம் விழாப் படங்கள், நண்பர்களின் கடிதங்கள் ஆகியவற்றை ஒருவர் பெட்டியில் வைத்திருக்கிறார் என்றால், அவற்றை உங்கள் ஆவணத் தொகுப்புக்கு நன்கொடையாகத் தருவது பற்றி, அவர் வீடு மாறும் முன்பே சென்று பேசுங்கள். மறைவுக்குப் பின் பழைய காகிதக் கடைக்குப் போனவை திரும்பி வருவதில்லை.

முதல் வேலை, எழுத்துமூலமான ஒப்பந்தம். இதில் அவசரம் கூடவே கூடாது. தன்பாலுறவு குற்றமல்ல என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முன், அதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் அச்சத்தில் எழுதப்பட்ட கடிதம் ஒன்றில், இன்றும் குடும்பத்தாருக்குத் தம்மை வெளிப்படுத்தாத இன்னொருவரின் பெயர் இருக்கலாம். அவருடைய சம்மதத்தை நன்கொடையாளர் தர இயலாது. ஆகவே எவை உடனே திறக்கப்படும், எவை 20 அல்லது 30 ஆண்டுகள் மூடியிருக்கும், எந்த முகங்கள் மறைக்கப்படும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள். கடிதத்தாள் உங்களிடம் வந்தாலும் பதிப்புரிமை எழுதியவருக்கே உரியது என்பதையும் மறவாதீர்கள்.

பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்க வேண்டாம். அந்த வரிசையும் ஒரு சான்றே. துருப்பிடித்த ஊசிகளையும் ரப்பர் வளையங்களையும் நீக்கி, அமிலமற்ற உறைகளில் இட்டு, பென்சிலால் எண் எழுதுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். கடலோரச் சென்னையின் ஈரப்பதத்தில் பூஞ்சை விரைவில் படரும் என்பதால், சுவரை ஒட்டாத, காற்றோட்டமுள்ள அலமாரி தேவை. மின்படிகளை (டிஜிட்டல் நகல்களை) வெவ்வேறு இரண்டு இடங்களிலாவது சேமியுங்கள்.

படங்களில் இருப்போரின் பெயர்களையும் அந்த நாளின் கதையையும் நன்கொடையாளரின் குரலிலேயே, அவர் தம்மைக் குறிக்கும் சொற்களிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். நீண்டகாலம் பராமரிக்க இயலாத குழுக்கள், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியிலுள்ள கம்ரா (QAMRA) என்னும் பால்புதுமையர் ஆவணக்காப்பகம் போன்ற நிறுவனங்களை அணுகலாம்.