மானியப் பணத்தில் கைமாற்று: சிறிய தொண்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சிறப்புப் பள்ளிக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கப் போயிருந்தேன். கணக்காளர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு தம்பி. டேலி கணக்கு மென்பொருளில் அன்றன்றைய பதிவை அன்றன்றே போட்டிருந்தார். வவுச்சர்களை மாதவாரியாகத் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார். பார்க்கவே மனம் நிறைந்தது. பேரேட்டுக்குள் போனபோது 'இண்டர் பிராஜெக்ட் லோன்', அதாவது ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடன், என்றொரு தலைப்பு கண்ணில் பட்டது.

"இது என்ன தம்பி?"

"டீச்சர்ஸ் சம்பளத்துக்கு முதியோர் இல்ல கிராண்ட்ல இருந்து எடுத்தோம்க்கா. ஸ்கூல் கிராண்ட் வந்ததும் திருப்பிப் போட்டுடுவோம். எல்லாம் நம்ம டிரஸ்ட் பணம்தானே."

2009இல் நானும் இதே வார்த்தைகளைச் சொன்னேன். இத்தனை ஆண்டுகளில் இதே பதிலை எத்தனையோ அலுவலகங்களில் கேட்டுவிட்டேன். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். வவுச்சர் எழுதுங்கள், பில் வாங்குங்கள், ரொக்கப் புத்தகத்தை அன்றாடம் முடியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு மானியத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று

நான் அப்போது வேலை பார்த்த டிரஸ்டில் ஒரு சிறப்புப் பள்ளியும் பெண்களுக்கான தையல் பயிற்சித் திட்டமும் இருந்தன. இரண்டுக்கும் மத்திய அரசு மானியம், ஆனால் தந்தவை வெவ்வேறு துறைகள். பள்ளி மானியம் வந்து சேர மாதக்கணக்காகும். ஆசிரியர்களுக்கும் ஆயாக்களுக்கும் ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. அந்த நவம்பரில் தையல் பயிற்சியின் முதல் தவணையாக 8,00,000 ரூபாய் வங்கிக்கு வந்தது.

மேனேஜிங் டிரஸ்டி கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஓர் ஆயா மளிகைக் கடையில் கடன் சொல்ல முடியாமல் அலுவலக வாசலில் அழுதுகொண்டு நின்றார். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "அதுல இருந்து எடும்மா, மார்ச்சுக்குள்ள ஸ்கூல் பணம் வந்துடும்" என்றார். நானும் எடுத்தேன். நவம்பரில் 1,40,000. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் மாதம் 70,000. மொத்தம் 3,50,000. டிரஸ்டிகள் கூட்டத்தில் தீர்மானம் போடவில்லை, பொருளாளரைக் கேட்கவில்லை, துறைக்கு எழுதவில்லை. பேரேட்டில் 'கைமாற்று' என்று ஒரு வரி எழுதினேன். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி மானியம் மார்ச்சில் வரவில்லை. அடுத்த டிசம்பரில்தான் வந்தது, அதுவும் குறைத்து. இன்ஸ்பெக்ஷன் நடந்த அன்று வருகைப் பதிவேட்டில் இருந்ததைவிடக் குறைவான குழந்தைகளே பள்ளியில் இருந்ததால் அந்த அளவுக்குக் கழித்துவிட்டார்கள். வந்த பணம் அதற்குள் சேர்ந்துவிட்ட புதிய சம்பள பாக்கிக்கே போதவில்லை. திருப்பிப் போடப் பணமே இல்லை.

தையல் பயிற்சி இரண்டு அணிகளாக நடக்க வேண்டும், அணிக்கு 20 பெண்கள். முதல் அணி 4,40,000 ரூபாய் செலவில் முடிந்தது. இரண்டாம் அணிக்கு விண்ணப்பம் வாங்கியாகிவிட்டது, பெயர்ப் பட்டியலும் ஒட்டியாகிவிட்டது. பயிற்றுநருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. பட்டியலில் இருந்த ஒரு பெண் மூன்று முறை வந்து, "எப்ப மேடம் ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார். மூன்றாவது முறை நான் உள்ளறைக்குப் போய்விட்டேன்.

பிறகு யூ.சி., அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், எழுத வேண்டிய நாள் வந்தது. அது இத்தனை வந்தது, இன்ன காரியத்துக்கு இத்தனை செலவானது, மீதி இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டு அரசுக்குச் சொல்லும் வாக்குமூலம். கணக்குப்படி மீதி 3,60,000 இருக்க வேண்டும். வங்கியில் இருந்தது 10,000. முழுத்தொகையும் செலவானதாக எழுதிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. ஆடிட்டர் கோப்பை மூடிவிட்டு, "அது பொய்ச் சான்று. நான் போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள்" என்றார். இன்றுவரை அவருக்கு நன்றியோடு இருக்கிறேன். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினோம்.

பதில் வந்தது. செலவாகாத 3,60,000 ரூபாயைப் பணம் விடுவித்த நாளிலிருந்து 10 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இரண்டாம் தவணை கிடையாது. 22 மாத வட்டி 66,000. ஆக 4,26,000 ரூபாய். மானியம் வாங்கும்போது ஒரு பாண்டு, அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்திருந்தோம். நிபந்தனை மீறப்பட்டால் அதில் கையெழுத்துப் போட்டவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அதிலேயே இருக்கிறது, வட்டி விகிதமும் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், அதாவது ஜி.எஃப்.ஆர்., கேட்கும் பாண்டு அது. நாங்கள் யாரும் அதைப் படிக்காமலேதான் கையெழுத்து வாங்கியிருந்தோம். பொருளாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தன் பெயரில் இருந்த வைப்புத்தொகையை உடைத்துப் பெரும்பகுதியைக் கட்டினார். கைமாற்று எடுத்த விவரமே அவருக்குத் துறையின் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். அவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை.

மானியம் தாமதமாக வருவது அநியாயம்தான். குழந்தைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் ஆயாக்கள் ஐந்து மாதம் சம்பளமில்லாமல் இருக்கக் கூடாது. அந்த அநியாயத்தைத் துறைக்கு எழுதுங்கள், நேரில் போய்க் கேளுங்கள், மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். அதற்காக வேறு காரியத்துக்கு வந்த பணத்தைத் தொட்டால் அந்தத் தாமதத்தின் சுமையை இரண்டாம் அணிப் பெண்கள் தலையில் ஏற்றிவிடுகிறோம். எங்கள் ஊரில் அதுதான் நடந்தது.

சரி, சம்பளத்துக்கு என்ன செய்வது? டிரஸ்டின் சொந்தப் பொது நிதியிலிருந்து, அதாவது நிபந்தனை எதுவுமில்லாமல் வந்த உள்ளூர் நன்கொடையிலிருந்து, தீர்மானம் போட்டு எடுக்கலாம். எவ்வளவு, எந்தத் திட்டத்துக்கு, திரும்பாவிட்டால் டிரஸ்ட் தாங்குமா என்பதை அந்தத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். பொது நிதி இல்லாத நிறுவனம் மூன்று மாதச் சம்பளத்துக்காவது அப்படியொரு நிதியைச் சேர்க்கும்வரை புதிய மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்பது என் கருத்து. கடுமையாகத் தெரியலாம், ஆனால் விண்ணப்பிக்கும் நாளிலேயே தாமதம் வரும் என்று தெரிந்துதான் விண்ணப்பிக்கிறோம். வெளிநாட்டு நன்கொடைக் கணக்கைக் கடன் கேட்கும் இடமாக நினைக்கவே நினைக்காதீர்கள். அந்தப் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கே கலப்பு நேர்ந்தால் பதிவே போகும்.

இந்தத் தவறை மாதாமாதம் பிடித்துவிட ஒரு தாள் போதும். ஒவ்வொரு மானியத்துக்கும் ஒரு வரி: தொடக்க இருப்பு, வரவு, வட்டி, இவற்றில் செலவைக் கழித்தால் இருக்க வேண்டிய மீதி. அதன் பக்கத்தில் அன்றைய வங்கி இருப்பு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் வித்தியாசம் ஏன் என்று ஒரு வரியில் எழுத முடிய வேண்டும். நான் 2009 நவம்பர் கடைசியில் இந்தத் தாளைப் போட்டிருந்தால் 1,40,000 ரூபாய்ப் பள்ளம் முதல் மாதமே பொருளாளர் கண்ணில் பட்டிருக்கும். இப்போது பி.எஃப்.எம்.எஸ். என்னும் மத்திய அரசின் நிதி மேலாண்மைத் தளத்தில் செலவைப் பதிவதால் துறையே பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். துறை பார்க்கும்போது அது ஏற்கெனவே மீறல் ஆகியிருக்கும். உங்கள் பொருளாளர் முதலில் பார்க்கட்டும்.

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை

ஒன்றுகூட வேண்டாம். ஓ.டி.பி. வரும் செல்பேசியைக் கணக்காளர் மேசையில் விட்டுப் போவதும் இதே தவறுதான்.

எல்லாவற்றையும் ஒருவரே செய்வது

ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் வேலையைப் பிரிக்க ஆளில்லை என்பார்கள். ஆளிருக்கிறது. வாங்கலாம் என்று தலைமையாசிரியை கையெழுத்திடட்டும். வந்த பொருளை விடுதிக் காப்பாளர் எண்ணி வாங்கட்டும். கணக்காளர் வவுச்சர் எழுதட்டும். பொருளாளர் காசோலை போடட்டும். மாதக் கடைசியில் வங்கி அறிக்கை கணக்காளர் கைக்கு வராமல் நேராகப் பொருளாளர் மின்னஞ்சலுக்குப் போகட்டும்; வங்கியோடு ஒத்துப்பார்க்கும் தாளில் அவர் கையெழுத்து இருக்கட்டும். நெட் பேங்கிங் என்றால் பணப் பரிமாற்றத்தைப் பதிவிடுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இதைச் சொன்னால் கணக்காளர்கள் முகம் வாடுகிறார்கள், தங்கள் மேல் சந்தேகப்படுவதாக நினைக்கிறார்கள். பணம் குறையும்போது முதல் விரல் நீளுவது கணக்காளர் பக்கம்தான். எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே செய்திருந்தால் நீங்கள் எடுக்கவில்லை என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. இந்தக் கையெழுத்துகள் உங்களுக்கான பாதுகாப்பு.

முன்பணத்தைச் செலவாக எழுதுவது

மார்ச் 31 அன்று முகாம் நடத்தக் களப்பணியாளரிடம் 45,000 கொடுக்கிறீர்கள். முகாம் ஏப்ரலில் நடக்கிறது. அந்த ஆண்டு யூ.சி.யில் அது செலவு அல்ல, முன்பணம்தான். யூ.சி.க்கான ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் செலவையும் செலவாகாத இருப்பையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். மீதி காட்டினால் அடுத்த தவணை குறையும் என்ற பயத்தில்தான் இப்படி எழுதுகிறார்கள். மீதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதி கேட்டுக் கடிதம் எழுதலாம். பொய்யாகச் செலவு காட்டிய பிறகு எழுத எந்தக் கடிதமும் கிடையாது.

இதோடு சேர்ந்து வருவது மார்ச் மாத பில்கள். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரே கடையின் மூன்று பில்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். தேதி அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி. பில் எண் 41, 42, 43. ஐந்து மாதத்தில் அந்தக் கடைக்கு எங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே வரவில்லையா என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பொருள் உண்மையில் வந்திருந்தது, பில்லைத்தான் கடைசியில் மொத்தமாக வாங்கியிருந்தோம். அவர் அதை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. மூன்றையும் வெட்டிவிட்டார்.

யூ.சி. தள்ளிப்போனால் அதோடு நிற்காது. ஆண்டுதோறும் வரும் தொடர் மானியத்தில், முந்தைய ஆண்டின் யூ.சி.யும் தணிக்கையான கணக்கும் போய்ச் சேராமல் புதிய ஆண்டுத் தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் விடுவிக்கக் கூடாது என்று பொது நிதி விதிகளே சொல்கின்றன. மாநில அரசு மானியம் என்றால் அரசாணையையும் மானியத்தை ஒப்புக்கொண்டு தரும் சாங்ஷன் ஆர்டரையும் வரி விடாமல் படியுங்கள், கெடு அதில்தான் இருக்கும்.

ஒரே பில், இரண்டு மானியம்

ஒவ்வொரு அசல் பில்லின் மேலும் திட்டத்தின் பெயரோடு 'செலுத்தப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்பைக் குத்துங்கள். அதே பில் இன்னொரு கோப்புக்குள் போக முடியாது. சம்பளத்துக்கும் இதே கவனம் வேண்டும். காலையில் பள்ளியிலும் மாலையில் முதியோர் இல்லத்திலும் வேலை பார்க்கும் ஒருவரின் முழுச் சம்பளத்தை இரண்டு திட்டங்களிலும் எழுதக் கூடாது. நேரத்தைப் பதிந்து, அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும்.

வட்டி

மத்திய அரசு மானியத்துக்கு வங்கி தரும் வட்டி உங்களுடையது அல்ல. கணக்கு முடிந்த உடனே இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கருவூலத்துக்கு, கட்டிவிட வேண்டும்; அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளத்தில் கட்டலாம். ஒவ்வொரு மானியத்துக்கும் தனி வங்கிக் கணக்கு இருந்தால் வட்டியைப் பிரிக்கத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம்

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அது அறப்பணிச் செலவாக ஏற்கப்படாது. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வந்ததிலிருந்து இதுதான் நிலை.

சொத்துப் பதிவேடு

தையல் இயந்திரத்தின் மேல் எண் எழுதுங்கள். பதிவேட்டில் அதே எண். மானியத்தில் வாங்கியதை, மானியம் தந்த துறையைக் கேட்காமல் விற்காதீர்கள்.

தெரிந்த பிறகும் சொல்லத் தயங்குவது

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து, நான் மேலே சொன்ன தாளைப் போட்டோம். முதியோர் இல்ல மானியத்தில் 1,12,000 ரூபாய் குறைந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த தவணை வந்ததும் சரியாயிடுமாக்கா?" என்றார். இன்றைக்கே பொருளாளருக்குச் சொல்லிவிடுவது நல்லது என்றேன். நான் சொல்லத் தயங்கிய பதினைந்து மாதங்களையும் அந்த ஆசிரியர் உடைத்த வைப்புத்தொகையையும் அவரிடம் சொன்னேன்.

பொருளாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம்: எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தோம், பொது நிதியில் இப்போது 86,000 இருக்கிறது, அதை உடனே மாற்றினால் பள்ளம் 26,000 ஆகச் சுருங்கும், மீதிக்கு டிரஸ்டிகள் வழி சொல்ல வேண்டும். தாளையும் இணைத்தோம். நான் பேருந்து ஏறுவதற்குள் பொருளாளர் அழைத்துவிட்டார். வியாழக்கிழமை அவசரக் கூட்டம், தம்பியையும் வரச் சொல்லியிருந்தார்.