அழாத பிள்ளைக்கும் பசிக்கும்

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று சொன்னவர்கள் மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். மூன்று வாரம், நான்கு வாரம் முந்திப் பிறந்த பிள்ளை அழாது, தூங்கும். தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்று ஆச்சி தடுப்பாள். பாளையங்கோட்டையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியாக இருந்த ஆண்டுகளில், ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ வாடி மஞ்சள் பூத்துத் திரும்பி வரும் பிள்ளைகளின் வீட்டார் பெரும்பாலும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்: “ரொம்ப நல்ல பிள்ளை, சிஸ்டர். அழவே இல்லை.”

37 வாரம் முடிந்தால்தான் நிறைமாதக் கணக்கு. 34 முடிந்து 37 முடியாமல் பிறக்கும் பிள்ளைகள் பலருக்கு எடை இரண்டு, இரண்டேகால் கிலோ இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. தாயின் கட்டிலிலேயே கிடக்கும், சில நாளில் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். இதனால்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற வேலை அந்தப் பிள்ளைக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. கன்னத்தில் கொழுப்பு குறைவு, பிடிமானம் இல்லை. ஈரலில் சர்க்கரைச் சேமிப்பும் உடம்பைச் சூடாக வைக்கும் கொழுப்பும் கடைசி வாரங்களில்தான் சேரும். அவை சேர்வதற்குள் பிறந்துவிட்டது. (ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. நேர் எதிர்தான் உண்மை. வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்.)

ஆகவே முதல் தவறு, அழுகைக்குக் காத்திருப்பது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் போக வேண்டும். முந்தைய பால் தொடங்கிய நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்கு மேல் விடவே கூடாது. இரவுக்கும் இதே கணக்குத்தான், செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுப்புவதற்கு முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். சுற்றிய துணியை அவிழ்த்து, ஈரத் துணியை மாற்றி, தாயின் வெறும் மார்பின்மேல் போட்டு, உள்ளங்காலைத் தேய்த்தால் பெரும்பாலும் விழிக்கும். மூடிய இமைக்குள் கண் உருள்வது, உதட்டைச் சப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது எல்லாம் பசியின் அறிகுறிகள். அழுகை கடைசியில் வருவது. அதற்குள் இந்தப் பிள்ளையின் தெம்பு தீர்ந்திருக்கும்.

“முக்கால் மணி நேரம் குடித்தான்” என்று பெருமையாகச் சொல்லும் தாய்மாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: விழுங்கினானா? காம்பை வாயில் வைத்துக்கொண்டு கண் அயர்வதைக் குடித்ததாகக் கணக்கிடக் கூடாது. தாடை ஆழமாக இறங்க வேண்டும், ‘க்க்’ என்று விழுங்கும் ஓசை கேட்க வேண்டும். சோர்ந்தால் மார்பைக் கையால் மெல்ல அழுத்துங்கள், பால் தானாக வாய்க்குள் இறங்கும். பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கியதுபோல் பக்கவாட்டில் வைத்து, கழுத்தின் அடியை உள்ளங்கையில் தாங்கினால் பிடி விலகாது. அரை மணி நேரத்துக்கு மேல் மார்பிலேயே போராட விட்டால், குடித்த பாலின் தெம்பு அந்தப் போராட்டத்திலேயே செலவாகிவிடும். நிறுத்திவிட்டு, பீய்ச்சி வைத்த பாலைச் சங்கில் கொடுங்கள்.

பீய்ச்சி வைத்த பால் என்றதும் பல வீடுகளில் முகம் சுளிப்பார்கள். பீய்ச்சாமல் விடுவதுதான் என் கணக்கில் மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது. மார்பு காலியானால்தான் மறுபடி நிறையும். நிறைமாதப் பிள்ளை தானே காலி செய்துவிடும், முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த வலு கிடையாது. பால் தேங்கும், சுரப்பு குறையும். இரண்டாம் வாரத்தில் “எனக்குப் பால் இல்லை” என்று தாய் அழுவாள், வீட்டில் பால்பவுடர் டின் வந்துவிடும். நடுவில் பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, உளுந்தங்களி என்று அடுப்பு அணையாமல் எரியும். சாப்பிடட்டும், நானும் என் பேறுகாலத்தில் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன். ஆனால் காலியாகாத மார்பைக் களி நிறைக்காது. பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். சீம்பால் கெட்டியாக இருப்பதால் மிஷினைவிடக் கைதான் நல்லது. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலில் வழுக்கித் தேய்த்தால் வலிதான் மிஞ்சும். ஒரு நாளைக்கு 6 முதல் 8 முறை பீய்ச்ச வேண்டும், அதில் ஒரு தடவையாவது இரவில். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டிகூடத் தேறாமல் போகலாம். அந்தச் சில சொட்டையும் பிள்ளைக்குக் கொடுங்கள், கொட்டிவிடாதீர்கள். பிறகு பால் பெருகியதும் மூடி வைத்தால் 25 டிகிரி வரையான வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. சித்திரையில் நம் ஊர் அறை எங்கே 25 டிகிரியில் இருக்கிறது? ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் உடனே கொடுத்துவிடுங்கள்.

சங்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பாட்டிமார் பரணில் வைத்திருந்த பாலாடைதான் இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் புழங்குகிறது. பாட்டிலைவிடக் கழுவ எளிது. காம்பு வித்தியாசத்தில் பிள்ளை குழம்பிப்போகும் என்ற பயமும் வேண்டாம். ஆனால் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றும் பழைய முறையை விட்டுவிட வேண்டும், புரையேறும். பிள்ளையை நிமிர்ந்தாற்போல் மடியில் வைத்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் தொடவிட்டு, அது சப்பிச் சப்பிக் குடிக்கக் காத்திருங்கள். வெள்ளிச் சங்கானாலும் ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும்.

அந்தச் சங்கில் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று சீனித் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முடக்கிப்போடும். கருப்பட்டித் தண்ணீர், உரைமருந்து, தெருவில் ஓட்டி வரும் கழுதையின் பால் எல்லாமே, தாய்ப்பால் போக வேண்டிய சின்ன வயிற்றில் இடம் பிடித்துக்கொள்பவை, கிருமியும் சேர்ந்தே போகும். அக்கினி நட்சத்திரமானாலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் தேவைப்படுகிறவள் தாய். வயிறு தொங்கிவிடும் என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மஞ்சள் காமாலை இந்தப் பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாக, ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் உச்சத்துக்கு வரும். அநேகமாக வீட்டுக்குப் போன பிறகு. பால் குறைந்தால் மலம் குறையும், மலம் குறைந்தால் மஞ்சள் வெளியேறாது, மஞ்சள் ஏறினால் தூக்கம் கூடும், தூக்கம் கூடினால் பால் இன்னும் குறையும். காலை வெயிலில் காட்டுவது இதற்கு வைத்தியம் ஆகாது. கீழாநெல்லிச் சாறு ஒரு சொட்டுக்கூடக் கூடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குளிப்பாட்டலையும் இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டிவிட்டால் பிள்ளை நான்கைந்து மணி நேரம் அசையாமல் தூங்கும். சுகமான தூக்கம் என்பார்கள். அந்தத் தூக்கத்தில் பாதி களைப்பு. எடை தேறும்வரை ஈரத் துணியால் துடைத்தால் போதும், புகை வேண்டவே வேண்டாம். சூட்டுக்குத் தாயின் நெஞ்சே போதுமானது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கிய கங்காரு முறை இதுதான். பிள்ளையை வெறும் உடம்போடு உடம்பாகக் கட்டிக்கொள்வதை நாளொன்றுக்குக் குறைந்தது 8 மணி நேரமாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், 2022ஆம் ஆண்டுப் பரிந்துரையில். பால் சுரக்கவும் இது உதவும். அப்பாவும் செய்யலாம். சட்டையைக் கழற்றிவிட்டுப் பேத்தியை நெஞ்சில் போட்டுக்கொண்டு, யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்று சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவும் எனக்கு நினைவில் இருக்கிறார்.

பீடி சுற்றும் வீடுகளுக்கு ஒரு சொல்: புகையிலைத் தூள் இருக்கும் தட்டை, பிள்ளை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையையும் மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

பால் போதுகிறதா என்பதை மூத்திரத் துணி சொல்லும். ஐந்தாம் நாளிலிருந்து 6 முறைக்குக் குறையக் கூடாது, மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகும் துணியில் செங்கல் நிறக் கறை தெரிந்தால் பால் போதவில்லை. பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வரும்போது எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணேறு படும் என்று மறைக்காதீர்கள். எழுப்பியும் எழாத பிள்ளை, தொடர்ந்து இரண்டு வேளை குடிக்காத பிள்ளை, தொட்டால் சில்லென்றிருக்கும் பிள்ளை, மூச்சு வாங்கும் பிள்ளை என்றால் விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள்.

பெரும்பாலும் டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பேறுகாலத் தேதி நெருங்கும்போது பிள்ளை தானே விழித்துப் பாலுக்கு அழத் தொடங்கும். எடையும் சரியாக ஏறுகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு அலாரத்தை நிறுத்தலாம்.