பனிமலை ஏறக் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மலையில் என் முதல் குளிர்காலம். பனி இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட ஒரு சரிவின் நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இன்னொரு பூட்ஸின் அடியில் கிராம்பான் என்ற முள் சட்டத்தை மாட்டப் பார்த்தேன். வார் சிக்கிக்கொண்டது. கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டேன். முழங்காலில் சாய்த்து வைத்திருந்த பை நழுவியது. சத்தமே இல்லாமல் சறுக்கி, கீழே பாறைகளுக்கு நடுவே போய் நின்றது. கனமான ஜாக்கெட், சாப்பாடு, வரைபடம் எல்லாம் அதற்குள் இருந்தன. பத்து நிமிடம் முன்னால், சமதரையில் உட்கார்ந்து மாட்டியிருக்க வேண்டிய கிராம்பான் அது.

அதன்பின் பல குளிர்காலங்களில் கற்றுக்கொள்ள வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். செய்ய வேண்டியது தெரிந்திருக்கும், ஆனால் தேவை வந்த பிறகுதான் கை போகும்.

கிராம்பானை ஏன் தள்ளிப்போடுகிறோம்? முன்னால் போகிறவர் இன்னும் மாட்டவில்லை, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்ற நினைப்பு. கால் ஒரு முறை வழுக்கினாலே நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டிலேயே கையுறை போட்டுக்கொண்டு பத்து முறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். பூட்ஸும் கிராம்பானும் பொருந்த வேண்டும். பூட்ஸின் விறைப்பை பி1, பி2, பி3 என்றும் கிராம்பானை சி1, சி2, சி3 என்றும் பிரித்திருக்கிறார்கள். வளையும் கோடைக்கால பூட்ஸில் கிராம்பான் மாட்டினால் நடக்க நடக்கக் கழன்றுவிடும். காலணிக்கு மேல் இழுத்து மாட்டும் சங்கிலி முட்கள் சமமான பாதைக்குச் சரி, செங்குத்தான சரிவுக்கு அவை போதாது. நடக்கும்போது பாதத்தின் ஓரத்தை ஊன்றாமல், எல்லா முட்களும் பதியும்படி தட்டையாக வையுங்கள். கால்களைச் சற்று அகட்டியே நடங்கள். ஒரு காலின் முள் மறுகாலின் பேன்ட்டில் மாட்டி விழுபவர்கள் நிறைய.

அடுத்தது ஐஸ் ஆக்ஸ், அதாவது பனிக்கோடாரி. விழுந்தால் அதைக் குத்தி நிறுத்திக்கொள்ளலாம் என்று நம்பித்தான் பலரும் பயிற்சிக்கு வருகிறார்கள். இறுகிய பனியில் இரண்டு மூன்று விநாடியிலேயே நிறுத்த முடியாத வேகம் வந்துவிடும். அதனால் முதலில் கற்க வேண்டியது விழாமல் நடப்பது. ஆக்ஸ் எப்போதும் மலைப்பக்கக் கையில் இருக்க வேண்டும். வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கை மாற வேண்டும். பையின் பின்னால் கட்டி வைத்த ஆக்ஸ் விழும்போது உதவாது.

நிறுத்தும் பழக்கத்தை, கீழே பாறை இல்லாமல் தானாகவே சமமாகி முடியும் சிறு சரிவில் ஹெல்மெட்டோடு செய்யுங்கள். அப்போது கிராம்பான் வேண்டாம். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் உடையும். ஆக்ஸின் தலை தோளுக்குப் பக்கத்தில், மறுகை தண்டின் அடியில், உடம்பின் பாரம் முழுவதும் கூர்முனை மேல். தலை கீழாக, முதுகுப் பக்கமாகச் சறுக்குவதையும் பழக வேண்டும். உண்மையில் விழும்போது நமக்கு வசதியான திசையில் விழ மாட்டோம்.

எனக்கு மிகவும் கவலை தருவது பனிச்சரிவு, அதாவது குவிந்த பனி மொத்தமாகச் சரிந்து இறங்கும் விஷயத்தில் நடக்கும் தவறு. வானம் நீலமாக இருக்கும், இரண்டு நாளாகப் பனியே பெய்திருக்காது. பயமில்லை என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் காற்று ஓய்ந்திருக்காது. தென்மேற்குக் காற்று பீடபூமியின் பனியை எல்லாம் வாரிக்கொண்டுபோய் வடகிழக்கு முகச் சரிவுகளில் குவிக்கும். கெய்ர்ன்கோர்ம் உச்சியில் 1986 மார்ச்சில் மணிக்கு 173 மைல் வேகக் காற்று பதிவான ஊர் இது. அப்படிக் குவிந்த பனி பலகை மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒரு ஆள் கால் வைத்தால் மொத்தமாகப் பிளந்து இறங்கும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் இது நடக்கும். நாம் ஏற ஆசைப்படும் சரிவுகளும் அவைதான்.

குளிர்காலத்தில் ஸ்காட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவை ஆறு மலைப்பகுதிகளுக்குத் தினமும் முன்னறிவிப்பு தருகிறது. அதில் ஒன்று முதல் ஐந்து வரை தரும் அபாய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்தில் 3 என்றால் நடுத்தரம் என்று நினைத்துக்கொள்வது பெரிய தவறு. ஒரு ஆளின் எடையே பனியைக் கிளப்பிவிடக்கூடிய நிலை அது. எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்பதையும் படித்து, முந்தின இரவே வரைபடத்தில் அந்த இடங்களைக் குறித்துவிடுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் நின்று படித்தால், கிளம்பிவிட்ட மனசு திரும்பாது.

வழி கண்டுபிடிப்பதும் அப்படித்தான். மூடுபனியும் தரைப்பனியும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிட்டால் பக்கத்தில் பள்ளம் இருப்பதே தெரியாது. அப்புறம் காம்பஸை எடுத்து என்ன பயன்? நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதே தெரியாதே. 1,345 மீட்டர் உயர பென் நெவிஸ் உச்சியிலிருந்து இறங்க, வரைபடக் கட்டத்தின் வடக்கிலிருந்து 231 டிகிரி திசையில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி திசை என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு பக்கம் தவறினால் கார்டிலூ பள்ளம், மறுபக்கம் தவறினால் ஐந்து விரல் பள்ளம். 150 மீட்டரை அளக்க, 100 மீட்டருக்கு நீங்கள் எத்தனை காலடி வைக்கிறீர்கள் என்று நல்ல வெயில் நாளிலேயே எண்ணி வைத்திருக்க வேண்டும். போன் இருக்கிறதே என்பார்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், ஈரக் கையுறைக்குத் திரை வேலை செய்யாது.

1971 நவம்பரில் கெய்ர்ன்கோர்ம் பீடபூமியில் பனிப்புயலில் சிக்கி, போய்ச் சேர நினைத்த குடிலை அடைய முடியாமல் எடின்பரோ பள்ளிப் பிள்ளைகள் 5 பேரும், உடன் போன இளம் பயிற்சியாளர் ஒருவரும் இறந்தார்கள். அந்தப் பீடபூமியில் நடக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவு வரும். பத்தடி தாண்டித் தெரியாத நாளில், குடில் வரைபடத்தில் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் தூரம்தான்.

நேரக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். டிசம்பரில் அங்கே மாலை மூன்றரைக்கே சூரியன் மறைந்துவிடும். மணிக்கு 3 மைல், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு, முழங்கால் புதையும் பனியில் எடுபடாது. திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்து கூட வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். தலைவிளக்கு பையின் அடியில் வேண்டாம், மேல் பாக்கெட்டில் இருக்கட்டும்.

உடுப்பைப் பற்றி ஒன்றுதான். ஸ்காட்லாந்துக் குளிர் ஈரக் குளிர். பருத்தி வேண்டாம், கையுறை மூன்று ஜோடி வேண்டும். நின்ற உடனே, உடம்பு நடுங்கும் முன் ஜாக்கெட்டைப் போடுங்கள்.

ஒரு முறை பயிற்சி முடித்துவிட்டால் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. கோடை முழுக்கச் சும்மா இருந்த கைக்கு ஆக்ஸ் பிடிப்பது மறந்துவிடும். ஒவ்வொரு டிசம்பரிலும் முதல் பனி இறுகியதும், எந்தச் சிகரத்துக்கும் போகாமல் அரை நாள் அந்தச் சிறு சரிவில் சறுக்கி நிறுத்திப் பார்க்கிறேன். வலது கைக்கு மூன்றாவது முறையே பிடி வந்துவிடும். இடது கைக்கு இன்னும் பத்து முறையாவது ஆகிறது.