குவெரி ரிசல்ட்டை மெயிலில் வரிசை கலையாமல் அனுப்புவது எப்படி?

ஆரக்கிள் டேட்டாபேஸில் குவெரி ஓட்டுகிற எஸ்கியூஎல் பிளஸ் புரோகிராமில் பார்த்தபோது நூல் பிடித்த மாதிரி நின்ற பத்திகள் (காலம்கள்) மெயிலில் போனதும் தாறுமாறாகக் கிடந்தால், உடனே குவெரியில் கைவைக்காதீர்கள். ரிசல்ட்டை ஒரு ஃபைலில் போட்டு நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே நேராக இருந்தால் பெரும்பாலும் கோளாறு ஃபாண்டில்தான். டெர்மினலிலும் நோட்பேடிலும் எல்லா ஆங்கில எழுத்துக்கும் ஒரே அகலம். ஜிமெயிலோ வெறும் டெக்ஸ்ட் மெயிலைக்கூட எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுகிற ஃபாண்டில் காட்டும். அங்கே எத்தனை ஸ்பேஸ் சேர்த்தாலும் பலன் இல்லை.

மெயிலை எச்டிஎம்எல்லாக அனுப்பி, ரிசல்ட் முழுவதையும், ஸ்பேஸை அப்படியே விட்டு ஒரே அகல எழுத்தில் காட்டுகிற 'பிரீ' டேகுக்குள் வைத்துவிடுங்கள். பாதித் தலைவலி அதிலேயே போய்விடும். டேட்டாவில் 'லெஸ் தேன்' குறியோ ஆம்பர்சாண்டோ வந்தால் அதற்குரிய எச்டிஎம்எல் குறியீடாக மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வரியில் பாதி காணாமல் போகலாம். லினக்ஸ், யூனிக்ஸில் மெயில் அனுப்புகிற மெயில்எக்ஸ் கட்டளையின் ஆப்ஷன்கள் சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும். ஒன்றில் ஹெடர் (மெயிலின் தலைப்பு வரி) சேர்க்கிற ஆப்ஷன் இன்னொன்றில் அட்டாச்மென்ட் ஆகிவிடும். அதனால் ஹெடர்களை நாமே எழுதி, மெயிலை அனுப்பிவைக்கிற சென்ட்மெயில் புரோகிராமுக்கு நேராகக் கொடுப்பதுதான் நல்லது.

அப்புறம் எஸ்கியூஎல் பிளஸ் பக்கம். முதலில் 'செட் டேப் ஆஃப்'. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இது ஆனில் இருந்தால் ஸ்பேஸுக்குப் பதில் எட்டு எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் டேப் விழும். நோட்பேடில் அது தெரியவே தெரியாது, மெயிலில் போய்த்தான் பல்லிளிக்கும். ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்கிற லைன்சைஸ் வழக்கமாக 80, மெயில் வரிக்குப் பரிந்துரைக்கிற அளவோ 78, ஆகவே 78 என்றே வையுங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்கிற பேஜ்சைஸ் 14 ஆகவே இருந்தால் நடுநடுவே தலைப்பு திரும்பத் திரும்ப வரும், அதைக் கூட்டிவிடுங்கள். பெயர் மாதிரியான பத்திக்கு 'காலம்', பத்தியின் பெயர், 'ஃபார்மேட் ஏ20' என்று 20 எழுத்து அகலம் கொடுத்து, கூடவே மிச்சத்தை வெட்டிவிடுகிற 'ட்ரங்கேட்டட்' சேருங்கள். சேர்க்காவிட்டால் நீளமான பெயர் அடுத்த வரிக்கு மடங்கிவிடும். எண்ணுக்குக் கொடுத்த அகலம் போதாவிட்டால் தொகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஹாஷ் குறிகள் நிற்கும். பணம் சம்பந்தப்பட்ட ரிப்போர்ட்டில் இது பெரிய ஆபத்து, அகலத்தைத் தாராளமாகவே கொடுங்கள்.

டேட்டாவில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் விஷயம் வேறு. 'கோவை' கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோடில் நான்கு. வலப்பக்கம் ஸ்பேஸ் சேர்த்து அகலத்தைச் சமமாக்குகிற ஆர்பேட் ஃபங்ஷன் அந்த நான்கை எண்ணித்தான் ஸ்பேஸ் நிரப்பும். போதாததற்கு 'க'வும் 'ணை'யும் ஒரே அகலத்தில் வருகிற தமிழ் ஃபாண்ட் மெயில் பெறுபவரிடம் இருக்கும் என்று நம்ப முடியாது. தமிழ்ப் பத்தியைக் கடைசியில் வைத்துவிட்டால் அதன் வலப்பக்கம் கலைவதற்கு எதுவும் இருக்காது. அப்படி இரண்டு மூன்று தமிழ்ப் பத்திகள் இருந்தாலோ, மொத்த அகலம் 78க்குள் அடங்காவிட்டாலோ பிரீயை விட்டுவிட்டு எச்டிஎம்எல் டேபிளுக்கே போய்விடுங்கள். எஸ்கியூஎல் பிளஸில் 'செட் மார்க்கப் எச்டிஎம்எல் ஆன்' கொடுத்தால் அதுவே டேபிளாகத் தந்துவிடும்.