நீலக் கோடு காட்டுவது எந்தக் காலத்து ஆற்றை?

ஊர் வரலாறு தேடி, நிலத்தின் மேடு பள்ளம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் டோபோ ஷீட் என்ற நில அளவைப் படத்தை விரித்ததும் கண் நேராக ஆற்றின் நீலக் கோட்டுக்குத்தான் போகும். அதை வைத்தே கதையைக் கட்டத் தொடங்குவது முதல் தவறு. அந்தக் கோடு, நிலத்தை அளந்த காலத்து ஆறு. சமவெளியில் ஓடும் ஆறு வளைவின் வெளிக்கரையை அரிக்கும், உள்கரையில் மணலைச் சேர்க்கும், ஏதோ ஒரு பெருவெள்ளத்தில் வளைவின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விடும்.

போன தடம் படத்திலேயே கிடக்கும். குதிரை லாட வடிவில் தனித்து நிற்கும் குருட்டாறு ஒன்று, அதாவது ஆறு அறுத்துவிட்டுப் போன பழைய வளைவு. ஆற்றை விட்டு விலகிக் காரணமே இல்லாமல் நெளியும் எல்லைக்கோடு இன்னொன்று. அந்த நெளிவைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்கு முதல் தலைநகரான கஸ்காஸ்கியா, மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த ஊர். 1881 வெள்ளத்தில் ஆறு வழி மாற, ஊர் மேற்கே மிசௌரி பக்கம் போய்விட்டது. மாநில எல்லை மட்டும் இன்றும் பழைய தடத்தில்தான் ஓடுகிறது.

அச்சான ஆண்டும் அளந்த ஆண்டும் வேறு. தாளின் ஓரக் குறிப்பைப் படியுங்கள். சாலையை மட்டும் திருத்தி மற்றதை அப்படியே விட்ட பதிப்புகளும் உண்டு. ஒரே தாளில் இரண்டு காலம்!

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும்போது ‘வி’ போல மடியும். அதன் முனை நீர் வரும் பக்கத்தைக் காட்டும், போகும் பக்கத்தை அல்ல. இது பழகிவிடும். ஏமாற்றுவது கோடுகளின் இடைவெளிதான், அதாவது ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம். 20 மீட்டர் இடைவெளி உள்ள படத்தில் 3 மீட்டர் மேடு தெரியாமலே போகலாம். வெள்ளச் சமவெளியில் பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட மேட்டில்தான் இருக்கும். படம் தட்டையாகத் தெரிகிறதே என்று விடாமல், எண்ணால் குறித்த புள்ளி உயரங்களை ஒப்பிடுங்கள். அப்புறம் நேரில் போய் நின்று பாருங்கள்.

பழைய படத்தைப் புதியதன் மேல் பொருத்த ஆற்றை அடையாளமாக எடுக்கவே கூடாது. நான் ஒருமுறை இரண்டு ஓடைகள் கூடும் இடத்தை வைத்துப் பொருத்தினேன். பழைய சாலை முழுக்க வயலுக்குள் போய் விழுந்தது. கூடல் நகர்ந்திருந்தது. பழைய பாலம், நில அளவைக்காரர்கள் நிலையாகக் குறித்துவைத்த முக்கோண அளவைப் புள்ளி இவையே மேல்.

1:50,000 படத்தில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். சரி, ஆனால் பெரிதாக்கிய ஜெராக்ஸில் அது பொய். படத்திலேயே கோடாக வரைந்திருக்கும், தாளோடு சேர்ந்து மாறும் கோட்டு அளவையை வைத்து அளங்கள்.

ஆவணத்தில் ‘வலது கரை’ என்றிருந்தால் அது படத்தின் வலப்பக்கம் அல்ல, நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பவரின் வலது. வடக்கே ஓடும் ஆற்றில் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடும். தெற்கே ஓடினால் ஊரையே எதிர்க்கரையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.