ஸ்கூபா பயணம்: டிக்கெட்டிலேயே தொடங்கும் தவறுகள்

சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைத்தால் மலிவான டிக்கெட்டைப் போட்டுவிட்டு, ஸ்கூபா டைவிங்கை, அதாவது காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவதை, நடுவில் எங்காவது நுழைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அதிலும் ஆபத்தானது, கடைசி நாள் காலையில் டைவ், மதியம் ஃப்ளைட் என்ற திட்டம். ஆழத்தில் அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்லத்தான் வெளியேறும். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டியில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அப்போது குமிழிகளாகி, மூட்டு வலியில் தொடங்கி நரம்புப் பாதிப்பு வரை போகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது டைவிங் அமைப்புகளின் பரிந்துரை. என்னைக் கேட்டால் 24 என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஒரு நாளை என்ன செய்வது? டைவிங் நடக்கும் ஹேவ்லாக் தீவிலிருந்து (இப்போது ஸ்வராஜ் தீவு) முந்தின நாளே, விமான நிலையம் இருக்கும் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) திரும்பி, செல்லுலார் சிறையை நிதானமாகப் பாருங்கள். கடல் கொந்தளித்து ஒரு படகு ரத்தானாலும் ஃப்ளைட்டைத் தவறவிட மாட்டீர்கள். 2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல் அந்தமான் பக்கம் உருவானபோது, ஹேவ்லாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பள்ளி லீவை வைத்து மே கடைசியில் கிளம்புகிறவர்கள் அதிகம். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவதற்கு முன்பே அந்தமானுக்கு வந்துவிடும். அப்போது கடல் கலங்கி, பவளம் சரியாகத் தெரியாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது. லட்சத்தீவு என்றால் நுழைவு அனுமதி வேண்டும், பெரும்பாலும் கொச்சி வழியாகப் போக வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் முடிவு செய்கிற பயணத்துக்கு அது ஒத்துவராது.

அடுத்தது, டைவிங்குக்கு முன் நிரப்பித் தர வேண்டிய மருத்துவப் படிவம். படகு கிளம்பும் அவசரத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும், சென்னையிலேயே டாக்டரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சான்றிதழ் இல்லாமல் தீவுக்குப் போனால் கடலில் இறங்க விட மாட்டார்கள், அது நியாயமும்கூட. சளி பிடித்திருந்தாலும் இறங்கக் கூடாது. 10 மீட்டரிலேயே அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரு மடங்கு. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன் செய்ய முடியாவிட்டால் செவிப்பறை கிழியக்கூடும். மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்பார்கள். அதன் வேகம் ஆழத்தில் இருக்கும்போதே தணிந்துவிட்டால், மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

பயணக் காப்பீடு ஸ்கூபாவுக்குப் பொருந்துமா என்றும் பார்த்துவிடுங்கள். பலவற்றில் சாகச விளையாட்டுகள் சேராது.

நீச்சல் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பயிற்சியாளர் கூடவே இருந்து, அதிகபட்சம் 12 மீட்டர் வரை கூட்டிப்போகும் அறிமுக டைவுக்கு நீச்சல் தேவையில்லை. 18 மீட்டர் வரை போக அனுமதிக்கும் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழுக்குத்தான் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், மூன்று நான்கு நாள் ஒதுக்க வேண்டும். நீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள், நுரையீரலுக்கு அது ஆபத்து.

அப்புறம், பவளம். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிர். பெரிய பாறை வடிவப் பவளங்கள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கடல் சூடேறி 2010இலும் 2016இலும் அந்தமான் பவளங்கள் வெளுத்துப்போய் ஏற்கெனவே அடிபட்டிருக்கின்றன. பிடித்துக்கொண்டு போஸ் கொடுக்க ஒரு கை, நிலைகுலைந்து உதைக்க, காலில் மாட்டிய ஒரு துடுப்பு போதும், பல வருட வளர்ச்சி ஒடிந்துவிடும். கரையில் கிடக்கும் செத்த பவளத்துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் பவளமும் இருக்கிறது. விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் வழக்காகலாம். கடலுக்குள் கேமராவைத் தொடும் முன், எதையும் இடிக்காமல் மிதக்கப் பழகுங்கள். கிளம்புவதற்கு முன் சென்னையிலேயே ஒரு நீச்சல் குளத்தில் ஸ்கூபா பயிற்சி கிடைத்தால், அதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.